சுங்கை சிப்புட்டில் ஒரு ரேந்தைத் தலையணை

முதல் நாள், வியாழன்

நாகர்கோவிலில் கிளம்பும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அந்தத் தலையணை இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வா."

அம்மாவின் சின்னம்மை, அதாவது என் சின்னப் பாட்டி, 1936இல் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். தாத்தா மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. தோட்டக் கணக்கு எழுதுகிற கிளார்க்குக்கு அங்கே அதுதான் பெயர். பாட்டி கொண்டுபோன சாமான்களில் இரண்டு பித்தளைக் குடம், பைபிள், பாட்டுப்புத்தகம், அப்புறம் ஒரு ரேந்தைத் தலையணை. ரேந்தை என்றால் லேஸ். போர்த்துக்கீசியச் சொல், எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் இன்னும் புழங்குகிறது.

கோலாலம்பூரில் ஏறிய பேருந்து ஈப்போவில் இறக்கிவிட்டபோது மதியம் இரண்டு மணி. சித்தி மகன் காரோடு நின்றான். சிம்மோர் தாண்டியதும் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள், யாரோ கடித்து வைத்த கருப்பட்டிக் கட்டிகள் மாதிரி. அப்புறம் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். செம்பனை முடிந்தால் மறுபடியும் செம்பனை. "ரப்பர் எங்கடா?" என்றேன். நான் கீரிப்பாறை ரப்பர் காட்டைப் பார்த்து வளர்ந்தவள், அந்த வாசனையைத் தேடிக்கொண்டு வந்திருந்தேன். "கித்தா காடெல்லாம் போயாச்சு அக்கா. இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கு, நாளைக்கழிச்சு காட்றேன்" என்றான். கித்தா என்றால் ரப்பர். ரோட்டைச் சடக்கு என்கிறான். எனக்கு அகராதி ஒன்று தேவைப்படும்போல.

சுங்கை சிப்புட் சின்ன ஊர்தான். ஒரு பெரிய சடக்கு, அதன் இரு பக்கமும் பழைய கடைவீடுகள், ரயில் நிலையம், ஒரு மார்க்கெட். ஆனால் மலேசிய வரலாற்றில் இந்தப் பெயர் இரண்டு இடத்தில் வரும். 1948 ஜூன் 16 அன்று இதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீண்டது. இன்னொன்று, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர்.

சித்திக்கு வயது 84. ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே "டீச்சரம்மா" என்கிறது. என்னைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி, "எக்கா மவளா நீ? ஒங்கம்மா மூக்கு" என்றார். பேச்சில் முக்கால்வாசி மலேசியத் தமிழ், நடுநடுவே 'எக்கா', 'மவளே', 'சவம்' என்று எங்கள் ஊர்ச் சொல் எட்டிப் பார்க்கிறது. நாகர்கோவிலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாராம்.

தலையணை இருக்கிறது. அலமாரிக்கு மேல். "காலையில இறக்கலாம், இப்ப தூசி" என்றார்.

இரண்டாம் நாள், வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. "பசியாறிட்டியா?" என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் ரொட்டி சானாயைத் தட்டில் வைத்தார் சித்தி. அப்புறம் தம்பி ஸ்டூல் போட்டு ஏறித் தலையணையை இறக்கினான்.

தலை வைத்துப் படுக்கிற தலையணை இல்லை இது. திண்டு மாதிரி உருளையாக, வைக்கோல் அடைத்து, கல் போல இறுக்கமாக இருக்கிறது. மேல்துணி ஒரு காலத்தில் நீலம், இப்போது நிறமில்லை. அதன் நடுவைச் சுற்றி ஒரு கெட்டிக் காகிதம், காகிதம் முழுக்க ஊசித் துளைகள். துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூவும் இலையும் தெரியும். அந்தத் துளைகளில்தான் குண்டூசி குத்தி, நூலை அதைச் சுற்றி வளைத்துப் பின்ன வேண்டும். ஒவ்வொரு நூலின் நுனியிலும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மரக்குச்சி தொங்கும். எண்ணிப் பார்த்தேன், 43 குச்சிகள். ஜோடி ஜோடியாக இருக்க வேண்டியது, ஒன்று எங்கோ உருண்டு போயிருக்கிறது. இரண்டு விரல் அகலத்தில் ரேந்தை ஒரு முழம் பின்னப்பட்டு, ஒரு பூவின் பாதியில் நிற்கிறது. ஊசிகள் துருவேறி, துருக்கறை நூலிலும் இறங்கியிருக்கிறது.

நான் சின்னப் பிள்ளையில் கொஞ்சம் கற்றுக்கொண்டவள்தான். இரண்டு ஜோடிக் குச்சியைக் கையில் எடுக்க வேண்டும். நடு இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே மாற்றுவது ஒரு வேலை. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே முறுக்குவது இன்னொரு வேலை. குறுக்கு, முறுக்கு. அவ்வளவுதான் மொத்தக் கலையும். மீதியெல்லாம் பொறுமையும் கண்பார்வையும். நூல் மக்கிவிட்டதால் தொடவில்லை.

இந்தத் திண்டு நாகர்கோவிலுக்கு வந்த கதை மார்த்தா மால்ட் அம்மையாரிடம் தொடங்குகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி, 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தவர். அவருக்குச் சற்று முன்னால் வந்த மீட் ஐயரின் மனைவி ஜோஹன்னாவும் இவருமாகப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளியில் எழுத்தோடு ரேந்தையும் பாடம். அப்போது திருவிதாங்கூரில் மனிதர்களை விலைக்கு வாங்கி விற்கலாம், அடிமைமுறை ஒழிந்ததே 1855இல்தான். ரேந்தை பின்னிய கூலியில் தங்களை மீட்டுக்கொண்ட பெண் பிள்ளைகள் உண்டு. மால்ட்டின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்து தமிழில் வளர்ந்தவர். 1844இல் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டு இடையன்குடிக்குப் போனபோது இந்தக் கலையையும் கூடவே கொண்டுபோனார். கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை நிற்கிறது. எலைசாவை எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை, பதில் உங்களுக்கே தெரியும்.

எனக்கு நெடுநாளாக உறுத்துகிற விஷயம் வேறு. லண்டன் மிஷனின் கணக்கில் இந்த அம்மையார்கள் மிஷனரிகளே இல்லை. மிஷனரியின் மனைவி, அவ்வளவுதான். தனிச் சம்பளம் கிடையாது. கல்யாணமாகாத பெண்களை அந்த மிஷன் அனுப்பத் தொடங்கியதே 1875க்கு அப்புறம். லண்டனில் ஒரு கமிட்டி அறையில் வாய் திறக்க முடியாதவர், நாகர்கோவிலில் பல்லக்கில் போகிற துரைசாணி. கப்பல் ஏறினதும் பெண் என்கிற தாழ்வு பின்னால் போய், வெள்ளைத்தோல் என்கிற உயர்வு முன்னால் வந்துவிடுகிறது. ஆம்பளைத் துரைகள் எட்டிப் பார்க்க முடியாத அடுக்களை வரை இவர்களால் போக முடிந்தது. மிஷனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

சித்திக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "அவங்க இல்லேன்னா நீ இன்னிக்கு ரவிக்கை போட்டு ஒக்காந்து இப்படிப் பேசுவியா?" என்றார்.

நியாயமான கேள்விதான். எங்கள் பாட்டிமார் இடுப்புக்கு மேல் துணி போடக் கூடாது என்று இருந்த நாடு அது. மிஷனரிகளின் மனைவிமார்தான் குப்பாயம் என்கிற தொளதொளத்த சட்டையைத் தைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களை நடுத்தெருவில் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களையும் ஜெபக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1820களில் தொடங்கியது, சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கியதில் 1859 ஜூலை 26 அன்று மகாராஜாவின் அறிக்கை வந்தது. அறிக்கையை முழுசாகப் படித்தால் வேடிக்கை. நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது.

"சட்டை தைச்சுத் தந்தது அவங்க, சரி. கிழிச்ச மறுநாளும் போட்டுட்டுச் சந்தைக்குப் போனது யாரு சித்தி?" என்றேன். அந்தத் துரைசாணிமார் பெண்களின் மானத்துக்குக் குப்பாயம் தைத்தார்கள், அதே பெண்கள் பின்னிய ரேந்தையை வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பாவாடை ஓரத்துக்கு விற்றார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனசு வருவதில்லை.

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே ஆரம்பித்தார். அவர் படித்தது டவுனில் ஒரு மிஷன் ஆங்கிலப் பள்ளி. வகுப்பில் தமிழ் பேசினால் ஐந்து காசு அபராதம். ஒருநாள் பக்கத்துப் பெண் மேல் தேள் ஊர்வதைப் பார்த்து "ஏ, தேள்!" என்று கத்தியதற்கும் ஐந்து காசு. "அதே மிஸ்தான், எங்கம்மாவுக்கு டைபாய்டு வந்தப்ப ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு வந்தா. ரெண்டையும் எழுது."

எழுதிவிட்டேன், சித்தி.

மூன்றாம் நாள், சனி

தம்பி சொன்னபடி உள்தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். போகிற வழியில் ஒரு சீனக் கிராமம், கம்போங் பாரு. அவசரகாலத்தில் காட்டோரம் இருந்த சீனர்கள் ஐந்து லட்சம் பேரை இப்படிப் புதுக் கிராமங்களுக்குள் கொண்டுவந்து முள்வேலி போட்டார்கள். அதே சமயத்தில் சீனாவில் ஆட்சி மாறி, சைனா இன்லண்ட் மிஷன்காரர்கள் அங்கிருந்து வெளியேற வேண்டி வந்தது. சீன மொழி தெரிந்த வெள்ளைக்காரப் பெண்கள், கையில் மருந்துப் பெட்டி வேறு. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டிரண்டு பேராகப் புதுக் கிராமங்களில் போய்க் குடியிருந்தார்கள் அந்தப் பெண்கள். வைத்தியம் பார்த்தார்கள், ஞாயிறு பள்ளி நடத்தினார்கள். அவர்கள் மனசில் இருந்தது சுவிசேஷம், அரசாங்கத்தின் மனசில் இருந்தது கம்யூனிஸ்ட். வேலியும் காவலும் ஒன்றுதான்.

தோட்டத்தில் இப்போது லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒரே ஒரு வரிசைதான் மிச்சம், அதிலும் ஆளில்லை. பக்கத்தில் ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரை. தொட்டில் கட்டிய இரும்பு வளையங்கள் உத்திரத்தில் அப்படியே இருக்கின்றன. அங்கே எனக்காக ஓர் அக்கா காத்திருந்தார். வயது 68. இந்த லயத்தில் பிறந்து, 14 வயதில் பால் வெட்டப் போனவர். இப்போது டவுனில் மலிவு விலை வீட்டில் இருக்கிறார்.

"விடிகாலை அஞ்சு மணிக்குப் பெரட்டு. தண்டல் பேர் கூப்பிடுவாரு. தம்பிப் பாப்பாவ ஆயாகிட்ட போட்டுட்டு ஓடணும். அப்புறம் நெத்தி விளக்கு, மங்கு, வாளி." மங்கு என்பது பால் வடிகிற கிண்ணம். இடது கையைத் திருப்பிக் காட்டினார். ஆள்காட்டி விரலடியில் உளி பிடித்த காய்ப்பு, வேலை விட்டு இருபது வருஷம் கழித்தும் கரையவில்லை.

மிஸ்ஸி, அதாவது மிஷன் பெண், யாராவது வந்ததுண்டா என்று கேட்டேன். வந்தார்களாம். மாசத்தில் ஒரு ஞாயிறு, சைக்கிளில் ஒரு தமிழ் பைபிள் அம்மா, சில சமயம் அவரோடு காரில் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸி. துணிப் பலகையில் படம் ஒட்டிக் கதை சொல்வார்கள். பழைய கிறிஸ்துமஸ் கார்டு தருவார்கள். "பனி பெய்யிற படம். எங்க அம்மா அதச் சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருந்துச்சு." பைபிள் அம்மாவிடம்தான் வயிற்று வலி, வீட்டுச் சண்டை, கள்ளுக்கடைச் சண்டை எல்லாம் சொல்வார்களாம். மிஸ்ஸியிடம் சிரிப்பதோடு சரி. மிஸ்ஸி ஊருக்கு என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் காதில் விழுந்ததெல்லாம் பைபிள் அம்மா வடிகட்டிச் சொன்னதுதானே.

"நீங்க படிச்சது?"

"தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஆறாவதோட சரி."

டவுன் மிஷன் பள்ளி அங்கிருந்து எட்டு மைல். சித்தி அந்த எட்டு மைலைத் தினமும் கடந்தார், ஏனென்றால் கிராணி மகள், தோட்ட லோரியில் முன்சீட்டு. அக்கா கடக்கவில்லை. வெள்ளைக்கார மிஷன் பெண்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் தோல் நிறத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இங்கே நிறம் ஒன்றுதான், பேசுவதும் ஒரே தமிழ்தான். ஆனால் அந்த ஆங்கிலப் பள்ளிக்கூடம் கிராணி வீட்டையும் லயத்தையும் இன்னும் நன்றாகப் பிரித்து வைத்தது. கிராணி மகள் டீச்சர், நர்ஸ். வெட்டுக்காரி மகள் வெட்டுக்காரி. 1923 தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கிற தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். வைத்தார்கள், தோட்டத்துக்குத் தேவையான அளவு. 1920களின் கடைசியில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அதே மரம், அதே உளி.

இதை நான் சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானும் கிராணி வீட்டு வகையறாதான்.

அக்கா நாளைக்குச் சித்தியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அந்தத் திண்டைப் பார்க்க வேண்டுமாம்.

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் தமிழ்ச் சபையில் ஆராதனை. கீர்த்தனைகள் எங்கள் ஊர் ராகத்திலேயே இருந்தன, வேகம் மட்டும் கூடுதல். அப்புறம் தம்பி தைப்பிங் கூட்டிப் போனான், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

தைப்பிங்கில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் பெயர் டிரெச்சர். பேராக் மாநிலத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசாங்கப் பிரதிநிதியாக, இருந்தவரின் மனைவி பெயரை வைத்திருக்கிறார்கள். பள்ளி நடத்தியது அமெரிக்க மிஷன். ஆனால் பலகையில் ஏற வேண்டியது யார் பெயர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மானியம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசாங்கம் அல்லவா.

மெதடிஸ்ட் பெண்கள் இந்தப் பக்கம் வந்த கதையின் ஆரம்பத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள். 1869இல் பாஸ்டனில் பெண்களே கூடி, பெண்களே காசு திரட்டி, பெண்களை மட்டும் அனுப்ப ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கத்துக்கு வேண்டியது கல்யாணமாகாத பெண்கள், தாலி ஏறினால் வேலை போச்சு. அந்தச் சங்கம் மூலம் சிங்கப்பூர் வந்த முதல் பெண் சோபியா பிளாக்மோர், 1857இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1887 ஜூலையில் வந்து இறங்கினார். அடுத்த மாதமே ஷார்ட் தெருவில் ஒரு கடைவீட்டில் பள்ளிக்கூடம். அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி! எங்கள் மகள்களுக்கு ஒரு பள்ளி வையுங்கள் என்று தமிழ் வியாபாரிகள் சிலர் போய்க் கேட்டதில் பிறந்தது. இன்று அது சிங்கப்பூரின் பெரிய பெண்கள் பள்ளிகளில் ஒன்று. பெயரில் தமிழ் இல்லை. பிளாக்மோர் அம்மையார் மலாய் படித்து, வீடு வீடாகப் போய் மலாய் பேசுகிற சீன வம்சாவளி நோன்யாப் பெண்களைப் பார்த்து, நாற்பது வருஷம் இருந்து 1928இல்தான் கிளம்பினார். ஒரு பெண் தன் ஊரில் இருந்திருந்தால் இத்தனை பள்ளிகளை நிர்வகிக்க விட்டிருப்பார்களா என்றால் சந்தேகம். சாம்ராஜ்யம் அவர்களுக்கும் ஒரு வாசலைத் திறந்துவிட்டது.

மரத்தாலான பழைய ஆங்கிலிக்கன் கோயிலையும் பார்த்தோம். ஏரிக்கரையில் நல்ல செண்டோல். மழை வந்துவிட்டது, தைப்பிங்கில் வராமல் இருந்தால்தான் செய்தி.

திரும்பி வந்தபோது அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சித்தி நாற்காலியைக் காட்டியும் நாற்காலியில் உட்காரவில்லை. ஐம்பது வருஷத்துப் பழக்கம்போல, சித்தியும் இரண்டாம் முறை சொல்லவில்லை. நான் தரையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன், கொஞ்சம் நாடகம் மாதிரி எனக்கே தோன்றியது.

தம்பி திண்டை இறக்கி வைத்தான். நான் ஈப்போவில் வாங்கிய புது நூலை நான்கு குச்சியில் சுற்றி, குறுக்கையும் முறுக்கையும் காட்டினேன். அக்கா குச்சிகளை எடுத்தார். இரண்டு தடவை தப்பினார், மூன்றாவதில் பிடித்துக்கொண்டார். மரத்தில் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவிப் பழகிய கைக்கு இழுவிசை சொல்லித் தர வேண்டியதில்லை. என் முறுக்கைவிட அவர் முறுக்கு இறுக்கமாக இருந்தது.

"இது ஒரு முழம் பின்ன எத்தன நாளாவும்?"

"பாட்டி வேகத்துக்கு நாலு நாள் இருக்கும்" என்றேன்.

"எவ்வளவு குடுப்பாங்க?"

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா இங்க வித்ததே இல்ல. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அப்பா அதக் கொண்டுபோய்ப் பெரிய பங்களாத் துரைசாணிகிட்ட குடுத்துட்டு வருவாரு."

"சும்மாவா?"

"ஒரு கேக் குடுப்பாங்க."

அக்கா குச்சிகளைத் திண்டின் மேல் வரிசையாக வைத்தார். "இது என்ன டீச்சரம்மா, பாதிப் பூவோட நிக்கிது?"

"அந்த வருஷம் ஜப்பான்காரன் வந்துட்டான். துரைசாணி கப்பலேறிட்டாங்க."